'இல்லை'யும் 'தெரியாது'ம்: பொட்டிபுரம் சொல்லும் தர்க்கம்

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்து மலை ஒன்றுதான். ஆனால் ஆளுக்கொரு மலையாக அதைச் சொல்கிறார்கள். நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய ஆய்வகம் கேட்ட இயற்பியலாளர்களுக்கு அது சுமார் 1,200 மீட்டர் கனமுள்ள சார்னோகைட் பாறைக் கவசம். வனத்துறைக்குப் புலி நடமாடும் வழி. சட்டத்துக்கோ, மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு 5 கிலோமீட்டருக்குள் வரும் இடம். அடிவாரத்துக்காரர்களுக்கு ஆடு மாடு மேயும் நிலம்.

இத்தனையையும் கணினி சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருமா? 2007இல் கணினி அறிவியலாளர்கள் கெர்ஹார்ட் ப்ரெவ்கா, தாமஸ் ஐட்டர் இருவரும் அதற்கொரு வழி வகுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் திணிப்பதில்லை. ஒவ்வொரு துறையும் தன் மொழியிலேயே பேசும்; நடுவில் பாலமாகச் சில விதிகள் நிற்கும். 'பூங்கா 5 கிலோமீட்டருக்குள் என்று வரைபடம் சொன்னால், கூடுதல் பரிசீலனை தேவை என்று சட்டப் பகுதி ஏற்கட்டும்' என்பது அப்படியொரு பாலம்.

பள்ளிக் கணக்கில் நிரூபித்தது நிரூபித்ததுதான். இந்த வகைத் தர்க்கத்தில் அப்படியில்லை; புதுத் தகவல் வந்தால் பழைய முடிவைத் திரும்பப் பெற வேண்டும். ஆய்வகத்துக்கு 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பூங்காவின் அருகாமையைக் காட்டி 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதித்தது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் பிறந்தது. மறு ஆண்டு, புலி வழித்தடத்தைச் சொல்லித் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. எந்த முடிவு எந்தத் தகவலின் மேல் நிற்கிறது என்று குறித்து வைத்தால்தான், தகவல் மாறும்போது எதைத் திருத்துவது என்று புரியும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. பேருந்து அட்டவணையில் இல்லாத பேருந்து இல்லை என்று கொள்வதில் தவறில்லை. புலிக்கு அது பொருந்தாது. கேமராவில் சிக்காததால் புலியே வரவில்லை என்றாகிவிடுமா? கணினி அறிவியலாளர்களான மைக்கேல் கெல்ஃபாண்டும் விளாதிமிர் லிஃப்ஷிட்ஸும் 1991இல் இந்த இரண்டு மறுப்புகளையும் தனித்தனிக் குறிகளாகவே பிரித்தார்கள். 'இல்லை' வேறு, 'இருப்பதாகத் தெரியவில்லை' வேறு. சரிவில் ஓர் ஊற்று இருப்பதை ஆடு மேய்ப்பவர் மட்டுமே அறிந்திருக்கலாம். அவரைக் கேட்காதவரை, ஊற்று என்ற கட்டத்தில் 'தெரியாது' என்றுதான் எழுத வேண்டும்.