அமாவாசையும் ஞாயிற்றுக்கிழமையும்

பட்டுத்தறி வீட்டுக்கு விடுமுறை என்றால் அமாவாசைதான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் உரியது. வந்தவாசி வட்டத்துத் தேசூரில் ஆரணி முதலாளிகளுக்குக் கூலிக்கு நெய்த எங்கள் வீட்டிலும் மாதத்தில் அந்த ஒருநாள்தான் தறிச் சத்தம் கேட்காது. அது ஆயாவின் நாள்; பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

விடியுமுன் தலைமுழுகி, தறிக்குழியைச் சுற்றிக் கூட்டி, தறிக்கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, இலை போட்டுப் படைப்பார். முதல் பிடி காக்காய்க்கு. அது வந்து கொத்தும்வரை ஆயா பல்லில் தண்ணீர்கூடப் படாது. மருமகள்களுக்குள் எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் அன்று ஒரே அடுப்பில் சமைத்தாக வேண்டும். முந்தின நாள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அன்று ஒரே முறத்தில் அரிசி புடைப்பார்கள்.

முதலாளி பாவும் பட்டும் ஜரிகையும் கொடுப்பார். சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. கணக்கு நோட்டில் தாத்தா பெயர் இருக்கும். தாத்தா தறியில் உட்காருவதற்குமுன் நடந்த வேலை எதுவும் அந்த நோட்டில் ஏறாது. பட்டு நூலைச் சிக்கெடுத்து, அறுந்த இழையைப் பிணைத்து, ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றி, தறியில் ஓடும் நாடாவுக்குத் தயாராக அடுக்கி வைத்தவர் ஆயா. ராட்டை சுற்றும்போது வாய் படவேட்டு ரேணுகாம்பாளை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வேண்டுதலும் வேலையும் ஒரே மூச்சில் நடந்தன.

சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் இரண்டையும் பிணைக்கக் கோர்வை போட வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம் நாடா எறிய, அடுத்த பக்கத்துக் கரை நாடாவை வாங்கி எறிய இன்னொரு ஆள் வேண்டும். கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாத வீடுகளில் அந்த இடத்தில் பிள்ளைதான் உட்காரும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. சட்டம் வாசலோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்குள் சட்டம் செய்யாத காரியத்தைச் செய்தவர் ஆயா. என் கடைசி அத்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தாத்தா முடிவு செய்தபோது, “புள்ள படிக்கப் போவட்டும். கோர்வைக்கு நான் உக்கார்றேன்” என்று சொல்லிவிட்டுக் குழியில் இறங்கினார். அதன்பிறகு பகலெல்லாம் தறி, ராத்திரியில் தார். முதுகு வலிக்கு வேப்பெண்ணெய். அத்தை படித்து ஆசிரியை ஆனார். ஆயா இருந்த விரதங்களில் எதைப் பெரியதென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவருக்குச் சாமி கும்பிடுவதும் பிள்ளையைக் காப்பதும் வேறு வேறு வேலையாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தெரு மாறிவிட்டது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் எங்கள் உறவில் தறி பிடிக்கும் இளவட்டம் அநேகமாக இல்லை. ஆண்கள் ஸ்ரீபெரும்புதூர், சென்னை என்று போய்விட்டார்கள். பெண்களைச் செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைப் பேருந்து ஏற்றிப்போகிறது. எங்கள் தறிக்குழியையும் மண் நிரப்பி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், துணைவேலை செய்வோரையும் சேர்த்து, 35 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அதில் பத்துக்கு ஏழு பேருக்குமேல் பெண்கள். தார் சுற்றும் கையையும் ஒரு தொழிலாளியின் கையாக எழுதிக்கொண்ட கணக்கு அது. ஆயா அதைப் பார்க்க இல்லை.

காலணிக் கம்பெனிக்கு அமாவாசை தெரியாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அண்ணி அதிகாலையிலேயே சமைத்து மூடிவைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறார். நண்பகலில் அண்ணன் குளித்து, இலை போட்டு, படைத்து, மாடியில் காக்காய்க்குப் பிடி வைக்கிறார். அந்தப் பிடியில் இப்போது ஆயாவுக்கும் பங்கு. ஆம்பளை இலை போடுவதா, வீட்டுப் பெண் இல்லாமல் படையலா என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. ஒரு பெண் பிள்ளை வெளியே போய் வருவதற்காகத் தன் இடத்தை மாற்றிக்கொண்டவர் ஆயா. அவர் பேரன் செய்வதும் அதேதான்.

ஆடிக் கூழுக்கு மட்டும் எல்லாரும் வந்துவிடுகிறோம். அதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வதால் கம்பெனியோடு சண்டை இல்லை. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைப்பது, முருங்கைக்கீரை உருவுவது, தெருவுக்கு ஊற்றிய பிறகே வீட்டார் குடிப்பது எல்லாம் ஆயா வைத்த முறை. பேசாமல் இருக்கும் இரண்டு வீட்டாரை ஒரே அண்டாவின் இரு பக்கமும் நிறுத்துவதும் அவர் முறைதான். அதை அத்தை எடுத்துக்கொண்டார்.

சென்ற ஆடியில் பெரியப்பாவின் பேத்தி, பிளஸ் டூ முடித்தவள், கம்பெனிக்குப் போவதா படிப்பதா என்ற பேச்சு வந்தது. பெரியப்பா வீட்டில் கடன்; பெண் சம்பாதித்தால் அடையும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அத்தை கரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கல்லூரிக் கட்டணம் தன்னுடையது என்றார். விடுதிச் செலவைத் தன் சம்பளத்திலிருந்து தருவதாக அண்ணி சொன்னார். கடனில் ஒரு பங்கை அண்ணன் ஏற்றுக்கொண்டார். பெண் அந்த வாரமே சேர்ந்துவிட்டாள்.