உங்களுக்குத் தெரியுமா? வாய்க்குள் ஓர் எழுத்து வரிசை

க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம. இந்தப் பத்து எழுத்தும் ஒலி பிறக்கும் இடத்தின்படி வரிசையாக நிற்கின்றன! க, ங அடிநாக்கில். ச, ஞ நடுநாக்கில். ட, ண மடங்கிய நுனிநாக்கில். த, ந பல்லருகே. ப, ம உதட்டில். தொண்டைப் பக்கம் கிளம்பி வாசலுக்கு வந்துவிடுகிறோம். தொல்காப்பியத்தில் ‘பிறப்பியல்’ என்று ஓர் இயலே இதற்காக உண்டு.

● தேனி மாவட்டத்துப் போடி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பார்க்கக் கண்ணாடி ஒன்று போதும். ‘பொட்டிபுரம்’ என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் உதடு மூன்று முறை மூடும்: பொ, பு, ம். ‘ஏலக்காய்’ என்றால் ஒருமுறைகூட ஒட்டாது.

● மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீட்டச் சொல்லுங்கள். ஓசை அப்படியே நின்றுவிடும். மெல்லின எழுத்துகளுக்கு மூக்குதான் வழி. குழந்தைகள் விடாமல் செய்து பார்க்கும் சோதனை இது.

● பொட்டிபுரத்துப் ‘பொ’வும் போடியின் ‘போ’வும் ஒரே மெய்யில் பிறந்தவை. ஆனால் ஊர்ப்பேச்சில் போடியின் ‘போ’வுக்குத் தொண்டை அதிரும் ஒலி. பள்ளியில் சேரும் முன்பே பிள்ளையின் காது இதைப் பிரித்துவிடுகிறது. வாசிக்கும்போது தடுமாறினால் அதட்ட வேண்டாம், சொல்லிக் காட்டுங்கள்.

● ட, ப, ம, கூடவே புள்ளி. இவ்வளவு தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம்.

● தமிழக அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஜூன் 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை தொடங்கியது. பாட்டும் கதையும் ஆடலும் அதில் பாடமே.