பண்டிகைக் கால லொறிப் போக்குவரத்து: முன்னேற்பாடு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பண்டிகைகள் நெருங்கும்போது கடைவீதிகளில் காணப்படும் பரபரப்பைப் பற்றிப் பலரும் பேசுவர். அக்கடைகளுக்குப் பொருட்களைக் கொண்டு சேர்க்கும் லொறிகளைப் பற்றியும், அவற்றை இரவு பகலாகச் செலுத்தும் சாரதிகளைப் பற்றியும் சிந்திப்போர் மிகச் சிலரே. மன்னார்த் தீவைப் பொறுத்தவரையில் இவ்விடயம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றது. தாராபுரம், எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் முதலிய ஊர்களைக் கொண்ட இத்தீவுக்கு வீதி வழியாகச் செல்ல ஒரேயொரு தாம்போதியும் பாலமுமே உள்ளன. மீனும் கருவாடும் வெளியே செல்வதும், அரிசி, மரக்கறி, சீமெந்து, புடைவை ஆகியன உள்ளே வருவதும் இவ்வழியாகவேயாகும்.

தாராபுரம் போன்ற ஊர்களில் ஒரு லொறி என்பது வெறும் வாகனமன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இத்தீவின் முஸ்லிம் மக்கள் உடைமைகளை இழந்து புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிவுற்ற பின்னர் திரும்பி வந்தோர் வாழ்க்கையை மீண்டும் அடியிலிருந்தே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. கடன் பெற்று வாங்கிய ஒற்றை லொறியை நம்பி ஒரு குடும்பம் வாழ்கின்ற நிலையில், பண்டிகைக் காலத்தில் நிகழும் ஒரு விபத்து அக்குடும்பத்தை மீண்டும் பழைய நிலைக்கே தள்ளிவிடக்கூடும்.

மன்னாரில் பண்டிகைக் காலம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவதன்று. திருக்கேதீஸ்வரத்தில் மகா சிவராத்திரி, ஏப்ரலில் புத்தாண்டு, ஆடி 2ஆம் திகதியும் ஆவணி 15ஆம் திகதியும் மடுத் திருவிழா, டிசம்பரில் நத்தார், அதைத் தொடர்ந்து தைப்பொங்கல் என நாட்காட்டி நிறைந்தே இருக்கின்றது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னகர்ந்து வருவன. 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்து புத்தாண்டுடன் நெருங்கி நின்றது. 2032இல் அது தைப்பொங்கலுடன் ஏறத்தாழ ஒரே நாட்களில் வரவிருக்கின்றது. எனவே, சென்ற ஆண்டு செய்ததையே இவ்வாண்டும் செய்வோம் என்று லொறி உரிமையாளர் ஒருவர் இருந்துவிட முடியாது.

பண்டிகைக்குத் தயாராவது என்றால் கூடுதல் சுமைகளையும் கூடுதல் பயணங்களையும் ஏற்கத் தயாராவது என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில், எந்தச் சுமையை, எந்தப் பயணத்தை மறுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதே முதலாவது முன்னேற்பாடாகும். அத்தீர்மானத்தைக் கூலி பேசும் வேளையில் எடுக்க முயன்றால் ஆசையே வெல்லும்.

சிறு கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் உள்ளது. சுமையுடன் செல்லும் லொறிக்குப் போக 8 மணித்தியாலமும் திரும்ப 8 மணித்தியாலமும் ஏற்றி இறக்க 4 மணித்தியாலமும் எனக் கொண்டால் ஒரு பயணத்துக்கு 20 மணித்தியாலங்கள் கழிகின்றன. நாள்தோறும் பயணம் செய்தால் சாரதிக்கு எஞ்சுவது 4 மணித்தியாலங்களே. ஆகவே, ஒரு சாரதியைக் கொண்ட லொறி பெருநாளுக்கு முந்திய 10 நாட்களில் 5 பயணங்களுக்கு மேல் ஒப்புக்கொள்ளலாகாது. அதற்கு மேல் வேண்டுமாயின் இரண்டாவது சாரதியை முன்னதாகவே அமர்த்த வேண்டும்.

உறக்கமின்மையை மனவுறுதியால் வெல்லலாம் என்பது வெறும் மயக்கமே. 17 மணித்தியாலங்களுக்கு மேல் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றது என 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நாலரை மணித்தியாலம் ஓட்டியபின் 45 நிமிட ஓய்வு சட்டப்படி கட்டாயமாகும். நோன்பு நாட்களில் ஸஹருக்காக எழுந்து பகலெல்லாம் நோன்பிருக்கும் சாரதியை அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் நெடுந்தூரம் ஓட்டச் செய்வது எவ்வகையிலும் நியாயமாகாது.

சுமையிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். மீன் பழுதடையாதிருக்க ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது வெப்பமண்டல நாடுகளில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவாகும். அதன்படி 3 தொன் ஏற்றத்தக்க லொறியில் ஒன்றரைத் தொன் மீனையே ஏற்றலாம். விலை உயரும் நாட்களில் ஐஸைக் குறைத்து மீனைக் கூட்டுவோர், பேலியகொடைச் சந்தையை அடையும்போது தரம் குறைந்த மீனுக்குக் குறைந்த விலையையே பெறுவர். அளவை மீறி ஏற்றும் லொறியிலோ டயர்கள் சூடேறி வெடிக்கும் அபாயம் கூடுகின்றது. பிரேக் பிடித்த பின்னரும் வாகனம் நெடுந்தூரம் ஓடியே நிற்கின்றது.

கடற்கரையோர லொறிகளுக்கு உப்பே பெரும் பகையாகும். கடற்காற்றும் மீனிலிருந்து வடியும் நீரும் அடிச்சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் மின்வயர்களின் இணைப்புகளையும் அரிக்கின்றன. ஒவ்வொரு பயணத்தின் பின்னரும் நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது செலவில்லாத பாதுகாப்பாகும். 2020 மார்ச் முதல் ஏறத்தாழ 5 ஆண்டுகள் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் பழைய லொறிகள் பல இன்னும் ஓட்டத்தில் உள்ளன. அவற்றின் பிரேக், டயர், விளக்கு, பற்றறி ஆகியவற்றைப் பண்டிகைக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே பரிசோதித்தல் நன்று. கடைசி வாரத்தில் திருத்துமிடங்களில் இடமும் கிடையாது. உதிரிப்பாகமும் எளிதிற் கிடையாது. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றின் காலாவதித் திகதிகளையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நத்தார்க் காலத்துக்கு மற்றுமொரு சோதனையும் உண்டு. அது வடகீழ்ப் பருவமழைக் காலமாகும். 2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவிச் சூறாவளி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவை அடைந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளியால் ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. ஆகவே நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஏற்கும் ஒவ்வொரு பொறுப்பிலும், வீதி மூடப்பட்டால் சுமை எங்கே தரிக்கும், நட்டத்தை யார் ஏற்பது என்பதை முன்னரே பேசி எழுதிக்கொள்ளுதல் அவசியமாகும். வெள்ளம் பாயும் வீதியில், நேரத்துக்குச் சேர்க்க வேண்டும் என்பதற்காக லொறியை இறக்குவது தற்கொலைக்கு ஒப்பானதாகும்.

அவ்வாறாயின் வருமானம் குறைந்துவிடாதா என்று கேட்கலாம். இலாபத்தைத் தின்பது மறுக்கப்பட்ட பயணமன்று; வெறுமையாகத் திரும்பும் லொறியே. மீனை இறக்கிய லொறி புறக்கோட்டையிலிருந்தோ தம்புள்ளையிலிருந்தோ மன்னார்க் கடைகளுக்கான சரக்குடன் திரும்புமாயின், அதே டீசல் இருமுறை உழைக்கின்றது. மீன் ஏற்றிய பெட்டியை நன்கு கழுவி உலர்த்திய பின்னரே உணவுப்பொருள் ஏற்றப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒற்றை லொறி உரிமையாளர்கள் நால்வர் ஐவர் கூடித் தமக்குள் பயண முறையை வகுத்துக்கொண்டால், ஒருவர் மறுக்கும் சுமை மற்றொருவருக்குப் போய்ச் சேரும். வாடிக்கையாளரும் கைவிட்டுப் போகமாட்டார்.

வியாபாரிகளுக்கும் இதிற் பங்குண்டு. பெருநாளுக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது சரக்குக்கு அவசரப்படுத்துவதும், தாமதித்தால் கூலியைக் குறைப்பதும் சாரதியின் காலை வேகமிதியில் அழுத்துவதற்குச் சமமாகும். பழுதடையாத பொருட்களை இரு வாரங்கள் முன்னரே இறக்கிக்கொண்டால், கடைசி நாட்களின் வீதியை மீனுக்கும் மரக்கறிக்கும் விட்டுவிடலாம். பண்டிகை நாளன்று சாரதியும் தன் வீட்டில் தன் பிள்ளைகளுடன் இருக்கவேண்டும் என்பதை உரிமையாளரும் வியாபாரியும் மனதிற் கொள்வார்களாயின், ஏனைய முன்னேற்பாடுகள் அனைத்தும் தாமாகவே வந்தமையும்.