போருக்குப்பின் பாராமகால்: இரும்பும் கரியும்

போரால் நலிந்த நாட்டில் பழந்தொழிலை மீண்டும் தழைக்கச் செய்வது எவ்வாறு என்பது இக்காலத்துக்கே உரிய வினா அன்று. பாகலூர், ஓசூர், கிருட்டிணகிரி ஆகிய ஊர்கள் அமைந்த நிலப்பகுதி இருநூறு ஆண்டுகட்கு முன்னரே அதனை எதிர்கொண்டது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இந்நிலத்தின் இரும்புத் தொன்மை பெரிது. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வின் வழி இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. பிற்காலத்தே இப்பகுதியிலும் சேலத்துப் பக்கத்திலும் இயங்கிய உலைகள் சிறியன. மண்ணாற் கட்டப்பெற்றுத் தோல்துருத்தியால் ஊதப்பட்டன. ஓடைகளில் அரித்தெடுத்த கருமணலும் காட்டு மரக்கரியும் அவற்றிற்கு இடப்பட்டன. உருக்கிய இரும்பை ஆவாரங் குச்சியொடு மூசையில் அடைத்துக் காய்ச்சி எஃகு ஆக்கினர்.

ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலக் கும்பினியாரொடு செய்த போர்களில் இந்நிலம் படைவழியாயிற்று. 1791இல் ஓசூர்க் கோட்டை கும்பினியார் கைப்பட்டது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் அவர்க்கு உரியதாயிற்று. பாகலூர், சூளகிரி, பேரிகை முதலிய பாளையங்கள் அடங்கிய ஓசூர்ப் பகுதி 1799ஆம் ஆண்டுப் போருக்குப்பின் சேலத்தொடு சேர்ந்தது.

சீரமைப்பு நிலத்திலிருந்து தொடங்கிற்று. அலெக்சாண்டர் ரீடும் தாமசு மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரொடு நேரே வரியை உறுதி செய்தனர். இரயத்துவாரி முறை இங்குத்தான் உருப்பெற்றது. இரும்புத் தொழிலைப் பெருக்கும் முயற்சியோ பின்னரே வந்தது. கும்பினிப் பணியில் இருந்த சோசையா மார்சல் ஹீத் 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் பெரிய ஊதுலைகளை நிறுவினார். சேலத்து மலைகளின் காந்தக்கல் அங்குச் சென்றது. எரிபொருள் மரக்கரியே.

தாது குன்றளவு இருந்தது, கரிதான் குறைந்தது. அண்மைக் காடுகள் அழிய அழியக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவும் ஏறிற்று. நிலக்கரியால் மலிவாக ஆக்கப்பட்ட ஆங்கில இரும்போ சந்தையை நிறைத்தது. இவ்விரண்டும் கூடி அழுத்தவே, பரங்கிப்பேட்டை உலைகள் 1860களில் அவிந்தன. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்திற்குப்பின் ஊர் உலைகளும் கரியின்றி ஒடுங்கின.

சிற்றுலைகளும் மரத்தையே எரித்தனவன்றோ எனின், எரித்தன. எனினும் அவை பல ஊர்களிற் சிதறிக் கிடந்தமையால், ஒரு காட்டின்மேல் முழுச்சுமையும் விழவில்லை எனக் கொள்ளலாம். பேருலையின் பசிக்குக் காடு மீண்டும் வளரும் காலம் போதவில்லை. தொழில்நுட்பம் வளர்ந்தது; அதனைத் தாங்கிய காட்டின் கணக்கு மட்டும் எழுதப்படவில்லை.

இன்று அதே நிலம் மீண்டும் தொழில் நிலமாகியுள்ளது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பொறிகளும் ஊர்திகளும் ஆங்குப் பிறக்கின்றன. கரிக்கு அன்று இருந்த இடம் இன்று நீருக்கு உளது. பெங்களூரின் கழிவு கலந்த தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்க வருதலைப் பலமுறை கண்டுள்ளோம். ஆற்றின் மேற்பகுதி கருநாடகத்தில். அதனைக் கொண்டு பயிரிடுவோர் தமிழகத்தில். ஆகவே இரு மாநிலமும் ஒருங்கே எழுதவேண்டிய கணக்கு இது. உலைகள் அவிந்தது தாதுக் குறையால் அன்று என்பதை நினைவிற் கொண்டே அக்கணக்கைத் தொடங்குதல் வேண்டும்.