ஸ்டியரிங்கைக் கேட்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஒரு காபி குடித்து வருகிறோம். ஓடுகிற காரில் இருக்கும் கம்ப்யூட்டர் அப்படி நின்றால்? வெகு நாட்களாக எனக்கு இருந்த இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, ஜப்பானின் விலை உயர்ந்த செடான் கார்களின் வரலாற்றில் போய் நின்றேன். புதிய எலக்ட்ரானிக் வசதிகள் பல முதலில் வந்தது இந்தக் கார்களில்தான். டிரைவரின் வேலைகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரிடம் போன கதையும் இதுதான்.

முதலில் பிரேக்

நிசான் பிரசிடெண்ட் 1965-லும், டொயோட்டா செஞ்சுரி 1967-லும் வந்தன. பின் சீட்டில் அமரும் பெரிய மனிதர்களுக்கான கார்கள் இவை. 1971-ல் பிரசிடெண்ட் காரில், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் எலக்ட்ரானிக் பிரேக் தரப்பட்டது. ஜப்பானில் இதுவே முதல்.

அடுத்தது வழி

1987-ல் டொயோட்டா கிரவுன் காரில், சிடி-ராமில் பதிந்த மேப் கலர் திரையில் தெரிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சிடி டிரைவ் அபூர்வமாக இருந்த காலம் அது!

பிறகு பார்வை

1992-ல் மிட்சுபிஷி டெபொனேர், முன்னே போகும் வண்டியின் தூரத்தை லேசர் மூலம் அளந்தது. ஆனால் எச்சரிக்கை மட்டுமே தந்தது, பிரேக்கைத் தொடவில்லை. 2001-ல் நிசான் சீமா, கேமரா மூலம் சாலைக் கோடுகளைப் பார்த்து, ஸ்டியரிங்கிற்கு உதவியது.

தவறு நேர்ந்தபோது

1989-ல் லெக்சஸ் எல்.எஸ். 400 அமெரிக்காவில் அறிமுகமானது. இதற்காக டொயோட்டா 1983-லேயே பணியைத் தொடங்கி, சுமார் 450 மாதிரிக் கார்களைச் செய்து சோதித்திருந்தது. அப்படியும் சில மாதங்களிலேயே குரூஸ் கண்ட்ரோல், பிரேக் லைட் ஆகியவற்றில் குறை தெரிந்தது. நிறுவனம் அதை மறைக்கவில்லை. அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் 20 நாட்களில் சரி செய்து தந்தது. குறையால் கெட்டிருக்க வேண்டிய பெயர் இதனால் உயர்ந்தது.

கடைசியில் கண்

2021 மார்ச்சில் ஹோண்டா லெஜண்ட் வந்தது. நெடுஞ்சாலை நெரிசலில் மெதுவாக ஊரும்போது, டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுத்துத் திரையில் படம் பார்க்கலாம், ஓட்டுவது கம்ப்யூட்டர். இந்த ஒரு வசதிக்காகச் சுமார் 1 கோடி சூழ்நிலைகளைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிப் பார்த்தார்கள். நெடுஞ்சாலைகளில் சுமார் 13 லட்சம் கி.மீ. ஓட்டியும் சோதித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வெளியே வந்தவை 100 கார்கள் மட்டுமே, அவையும் லீசுக்குத்தான்.

என் கேள்விக்கு விடையும் இந்தக் காரில் கிடைத்தது. தன்னால் முடியாத நிலை வந்தால், 'நீங்கள் ஓட்டுங்கள்' என்று கம்ப்யூட்டர் டிரைவரை அழைக்கும். அவர் கவனிக்காவிட்டால், தானே வேகத்தைக் குறைத்துக் காரை நிறுத்திவிடும்.

பிரேக்கில் தொடங்கி கண் வரை வர 50 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. புதிதாக ஒரு காரோ சாப்ட்வேரோ வாங்கும்போது, அது என்னவெல்லாம் செய்யும் என்று கேட்கிறோம். அதனால் முடியாதபோது என்ன செய்யும் என்பதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.