சிவப்பின் மேல் சிவப்பு

ஜோன் மாட், நடிகை
மேடம் யெவோண்ட் (1893–1975) எடுத்தது, லண்டன், 1932
விவெக்ஸ் வண்ண அச்சு

செந்நிறக் கூந்தல், சிவந்த உதடு, சிவப்பு ஆடை. பின்னணியும் சிவப்பு. இதையே கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்து, நம் கண் நேராக முகத்தின் ஒளிக்கும் நிழலுக்கும் போயிருக்கும். இங்கோ முதலில் தாக்குவது நிறம்தான். அந்தச் சிவப்புக்கு நடுவே தோலின் வெளிர்மை தனித்து ஒளிர்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவரை, என்றோ வாழ்ந்தவர் என்று மனம் தானாகவே தள்ளி வைத்துவிடுகிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பாட்டன் பாட்டி படங்களும் அப்படித்தான். வண்ணம் அந்தத் தொலைவைக் குறைக்கிறது. ஜோன் மாட் இன்றைக்குத் தெருவில் எதிர்ப்படக்கூடியவராகத் தெரிகிறார்.

வண்ணம் விளம்பரத்துக்குத்தான் லாயக்கு என்று பலர் ஒதுக்கிய காலத்தில், யெவோண்ட் துணிந்து அதைக் கையில் எடுத்தார். அவர் பயன்படுத்திய விவெக்ஸ் முறையில் ஒரே காட்சி மூன்று நெகட்டிவ்களில் பதிவாகும். அவற்றிலிருந்து நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் படலங்களைத் தயாரித்து, இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். லண்டன் வில்ஸ்டனில் இருந்த விவெக்ஸ் ஆலையில் இந்த வேலை நடந்தது. 1939இல் போர் வந்ததும் ஆலை மூடப்பட்டது. யெவோண்ட் கறுப்பு வெள்ளைக்கே திரும்பினார். அவருடைய மூவண்ண நெகட்டிவ்களை லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 2021இல் பெற்றது.