குளத்துக் கரம்பையும் குளத்தின் அடிமண்ணும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள சிவகிரி தாலுகாவில் வற்றாத பேராறு இல்லை. வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த இப்பிரதேசத்தில், மலையோடைகளில் இறங்கும் வெள்ளத்தைக் குளங்களில் தேக்கியே நஞ்சைப் பயிர் செய்யப்பட்டு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெருகும் குளம் கோடையில் வற்றும். வற்றிய குளத்தில் கரம்பை அள்ளி நிலத்துக்கு அடிப்பது இப்பக்கத்துக் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். அதனால் நிலமும் செழித்தது, குளமும் தூர் நீங்கியது. தற்காலத்திலோ அதே கரம்பையின் பெயரால், கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் வேண்டிய சவுடும் மணலும் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில் குளங்களிலிருந்து விலைக்குப் போகின்றன. சட்டம் முன்னதை அனுமதித்துப் பின்னதை விலக்குகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள எல்லை எங்கே என்பதைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

குளத்தில் மேலாகப் படிந்திருப்பது வெள்ளம் கொணர்ந்த வண்டல். நுண்ணிய களியும் மக்கிய இலைதழையும் சேர்ந்த இம்மண் மணற்பாங்கான புஞ்சைக்கு ஈரங்காக்கும் சக்தியைத் தருவது. இதன் கீழே பழைய அடிநிலம் கிடக்கிறது. பல குளங்களில் அது இறுகிய களிப்படையாக இருந்து, தண்ணீர் விரைவில் கீழே சுவறிவிடாமல் தாங்கி நிற்கும். மண்வெட்டும் யந்திரம் அப்படையைத் துளைத்து அதன் கீழுள்ள சவுட்டையோ மணலையோ எட்டிவிட்டால், மாசி வரையில் நிற்கவேண்டிய தண்ணீர் தை மாதத்திலேயே குறைந்துபோக இடமுண்டு. சுவறும் நீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊறும் என்பது மெய்யே. எனினும் மடைப்பாசனத்தை மட்டும் நம்பிய நஞ்சைக்காரருக்கு அதனால் ஆறுதல் இல்லை.

பள்ளம் ஆழமானால் தண்ணீர் மிகுதியாகக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். மடையின் அடிக்கல் மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் மடை வழியாக வெளியேறமாட்டாது. அடுத்த பருவத்தில் ஓடைநீர் வரும்பொழுது முதலில் அப்பள்ளங்களே நிரம்பவேண்டும். அதன் பின்னரே மடையில் நீர் ஏறும். மழை குறைந்த வருஷத்தில் இத்தாமதத்தின் நஷ்டம் முழுவதும் கடைமடை நிலங்களின் தலையிலே விழுகிறது. கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது இன்னும் அபாயகரமானது. கரைக்குள் கசிவு ஊடுருவி, பெருவெள்ளக் காலத்தில் கரை உடையவும் கூடும்.

சிவகிரி முற்காலத்தில் ஜமீனாக இருந்த ஊர். ஜமீன் ஒழிப்புக்கென இயற்றப்பட்ட 1948-ம் வருஷத்து 26-வது சென்னைச் சட்டம், ஜமீன்களின் குளங்கள், ஓடைகள், புறம்போக்குகள், கனிமங்கள் யாவற்றையும் சர்க்கார் வசம் சேர்த்தது. ஆதலால் குளத்து மண்ணை விற்க ஊராருக்கோ பாசனக் கமிட்டியாருக்கோ பாத்தியதை இல்லை. கோவில் திருப்பணிக்கென்று ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டாலும் அது சட்டவிரோதமே.

1957-ம் வருஷத்து மத்தியக் கனிமச் சட்டத்தின் 15-வது பிரிவு சிறுகனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாகாண சர்க்கார்களுக்கு அளித்துள்ளது. அதன்கீழ் வழங்கும் 1959-ம் வருஷத்துத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில், 12-வது விதியின் 2-வது உட்பிரிவு குடியானவர்க்கு உரியது. விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் குளத்து வண்டலை அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ள அது இடந்தருகிறது. 2017-ம் வருஷத்தில் சர்க்கார் குறித்த அளவு, ஏக்கர் ஒன்றுக்கு நஞ்சைக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர். அதாவது முறையே 25, 30 டிராக்டர் பாரம். 75 கனமீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் முக்கால் அங்குலக் கனத்துக்கும் சற்றுக் குறைவாகவே வரும். 2024-ம் வருஷத்துத் திருத்தத்தால் தாசில்தாரே இவ்வனுமதியை வழங்கலாம் என்று ஏற்பட்டது நல்லதொரு சௌகரியம்.

சவுடு என்னும் சொல்லே பெருந்தொல்லைக்கு இடமாயிற்று. அப்பெயரில் அனுமதி வாங்கி மணல் எடுத்த வழக்குகளை விசாரித்த சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை, 2021-ம் வருஷத்தில், இத்தகைய வட்டார வழக்குப் பெயரால் அனுமதி தரலாகாதென்றும், மண்ணின் சேர்மானத்தைச் சோதித்தறிந்த பின்னரே தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2017-ம் வருஷத்து மத்திய ஈரநில விதிகள் குளங்களுக்கும் காவல் என்று எண்ணுவோர் உண்டு. பாசனத்துக்கென மனிதரால் கட்டப்பட்ட நீர்நிலைகளை அவ்விதிகள் தம் இலக்கணத்திலிருந்தே நீக்கிவிட்டன. ஆகவே இத்தாலுகாவின் பாசனக் குளங்களுக்கு மாகாணச் சட்டமே முக்கியமான துணை. குளத்தை அளந்து எல்லை காட்டி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007-ம் வருஷத்து 8-வது தமிழ்நாடு சட்டமும், திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்துவதைத் தடுக்க 2011-ம் வருஷத்து விதிகளும் இருக்கின்றன. அனுமதியின்றிக் கனிமம் எடுப்போர்க்கு ஐந்து வருஷம் வரையில் சிறையும், ஹெக்டேர் ஒன்றுக்கு ஐந்து லக்ஷ ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கலாம். வண்டியையும் யந்திரத்தையும் கைப்பற்றலாம். கனிமச் சட்டத்தின்கீழ் கோர்ட்டார் வழக்கை ஏற்பதற்கு அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரின் எழுத்து மூலமான புகார் தேவை. ஆயினும் சர்க்கார் நிலத்து மணலைத் திருடிய குற்றத்துக்குப் போலீஸார் தனியே வழக்குத் தொடரலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் வருஷத்தில் தீர்ப்பளித்திருக்கிறது.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர் செய்யத்தக்க காரியம் அதிகச் செலவுள்ளதன்று. வேலை தொடங்குமுன் அனுமதிச் சீட்டிலுள்ள சர்வே நம்பரையும் ஏக்கரளவையும் அடங்கலோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு ஏக்கர் புஞ்சைக்கு 60 பாரத்துக்கு மேல் போனாலும், பாரம் அந்நிலத்தில் இறங்காமல் வேறு திக்கில் சென்றாலும் அன்றைக்கே தாசில்தாருக்கு எழுதுவது கடமை. குடியானவர்கள் மடையின் அடிக்கல்லிலிருந்து நீர்மட்டப் பலகை பிடித்து, குளத்துக்குள் நான்கைந்து இடங்களில் அடையாளக் கல் நட்டுக்கொள்ளலாம். அம்மட்டத்தை வெட்டு எட்டியதும், வண்டல் இன்னும் கீழே இருப்பதாகத் தோன்றினாலும், அவ்விடத்தில் வேலையை நிறுத்திக் கரையிலிருந்து விலகிய வேறோர் இடத்துக்கு யந்திரத்தை மாற்றிவிடுவது நலம்.